ஓடும் நிலையில் உள்ள பழைய கணினி

'ஓடும் நிலையில் உள்ளது' என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும் எந்த விளம்பரத்தையும் நான் இன்றுவரை நம்புவதில்லை. விற்கிறவனுடைய வாய் ஓடும் நிலையில் இருக்கும், அவ்வளவுதான். சாமான் ஓடாது. இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. யுத்தம் முடிவதற்கு முந்திய சில வருடங்கள், ஹட்டன் கடைவீதியில் ஒரு கொமினிகேஷனில் வேலை பார்த்தேன். போட்டோக் கொப்பி, ஃபேக்ஸ், வெளிநாட்டு அழைப்பு, இணையம் எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குள்தான். ஆள் வராத நேரத்தில் கூட வேலை செய்தவர்கள் பாட்டுத் தேடுவார்கள். நான் பழைய சாமான் விளம்பரங்களைத் தேடுவேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வகைக் கணினி. விசைப்பலகையும் உடம்பும் ஒன்றாக இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியில் மாட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க் போடும் பெட்டி தனியாக வரும். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் எனக்குப் பிரயோசனம் இல்லை. அந்த வகைக் கணினியில் எழுதிய டிஸ்க்கை அந்த வகைக் கணினிதான் படிக்கும். எங்கள் கடையில் இருந்த புதுக் கணினிகளில் அவ்வளவு அகலமான டிஸ்க்கை நுழைக்க வாயே கிடையாது.

டிஸ்க் என் தம்பியுடையது. தொண்ணூறுகளில் அவன் கொட்டகலையில் படித்தபோது வெளிநாட்டுக்காரர் யாரோ பாடசாலைக்கு அப்படி ஒரு கணினியைக் கொடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணித ஆசிரியர் அதன் அறைச் சாவியை வைத்திருந்தார். தம்பி அவர் பின்னாலேயே திரிந்து அதில் நிரல் எழுதப் பழகினான். பாடசாலைக் கண்காட்சியன்று அவன் செய்ததை அம்மாவோடு போய் நானும் பார்த்தேன். பச்சைக் கோடுகளால் ஒரு மலை, உச்சியில் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலை, அடிவாரத்தில் நாங்கள் குடியிருந்த லயம். தொழிற்சாலையிலிருந்து ஒரு சின்ன மனிதன் இறங்கி நடந்து வருவான். லயத்து வாசலை அவன் தொட்டதும் எங்கள் வீடாக இருந்த காம்பராவின் ஜன்னலில் மஞ்சள் விளக்கு எரியும். இதுதான் மொத்தமும். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். "அந்த மனுசன் ஒங்க அப்பாதாண்டா, காலப் பாரு, அதே வளைசல்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்.

அப்பா அதைப் பார்க்கவில்லை. கொழுந்து அதிகமாக வரும் காலம் அது. தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர் அவர் பொறுப்பில் இருந்தது. லீவு கிடைக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று இருந்தோம். உயர்தர வகுப்பில் படிக்கும்போது தம்பி காய்ச்சலில் போய்விட்டான். நாலாவது நாள் ஆளைச் சொல்லாமல் கொண்டுபோகிற மாதிரியான காய்ச்சல். அந்த ஆசிரியர் வீட்டுக்கு வந்து, டிஸ்க்கை ஒரு காக்கிக் காகித உறையில் போட்டு அப்பாவின் கையில் கொடுத்தார். பாடசாலைக் கணினி ஒரு மழைக்காலத்தில் கூரை ஒழுகிக் கெட்டுப்போனது. சில வருடங்களில் அம்மாவும் இல்லை.

அப்பா ஓய்வு பெற்ற பிறகு அவருடைய கண்ணில் அழுத்தம் இருப்பதாக நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வரும், போனது திரும்பாது, மருந்து போட்டால் போகிற வேகம் குறையும், இவ்வளவுதான் வைத்தியம். அன்று பஸ்ஸில் திரும்பி வந்தோம். தலவாக்கலை தாண்டியதும் அப்பா சொன்னார்.

"சின்னவன் செஞ்சத நான் பாக்கவே இல்ல. கண்ணு முழுசா போறதுக்குள்ள ஒருக்கா காட்டுப்பா."

எங்கள் அப்பா யாரிடமும் எதையும் கேட்கிற மனிதர் அல்ல. அதனால் அந்த ஒரு சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. இணையத்தில் உலகமே கிடைக்கும்போது ஒரு பழைய கணினி கிடைக்காதா என்று நினைத்தேன்.

கிடைக்கும். விளம்பரத்தில் கிடைக்கும். படம் பளபளவென்று இருக்கும். கூப்பிட்டுக் கேட்டால், அது வெளிநாட்டு இணையத்தளத்திலிருந்து எடுத்த படம், நம்மிடம் இருப்பது 'கொஞ்சம் வேறு மாதிரி' என்பார்கள். ஒருவர் பழைய கணினி என்று விளம்பரம் போட்டுவிட்டு, கேட்டபோது தட்டெழுத்துப் பொறியைப் பற்றிச் சொன்னார். ஒரு பெண், அது தன் கணவருடையது, அவருக்குத் தெரியாமல் விற்கிறேன், அதனால் அவர் வேலைக்குப் போகும் நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள் என்றார். அடுத்த முறை கூப்பிட்டபோது கணவர் எடுத்தார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

முதல் தடவை கொழும்புக்குப் போனது மருதானையில் ஒருவரை நம்பித்தான். காலை ரயிலில் ஏறும் முன் கூப்பிட்டேன், இருக்கிறது வாருங்கள் என்றார். கொழும்புக் கோட்டை நிலையத்தில் இறங்கிக் கூப்பிட்டேன், வாருங்கள் என்றார். அவர் சொன்ன சந்தியில் நின்று கூப்பிட்டபோது, "தென் விகுணுவா மல்லி" என்றார். இப்போதுதான் விற்றேன், தம்பி. நான் மலையிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சண்டை பிடித்தேன். அவர் என்னைவிட அமைதியாக, அப்படியானால் ஒரு பிரிண்டர் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார்.

அடுத்தது நீர்கொழும்புப் பக்கம். முழு செட் என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கணினியும் அதற்கு ஒரு பிளாஸ்டிக் மூடியும் இருந்தன. டிஸ்க் பெட்டி எங்கே என்றால், மூடியைக் காட்டி இதுதான் முழு செட் என்றார் வீட்டுக்காரர். பெட்டியைப் பிறகு தேடிக்கொள்ளலாம், உடம்பையாவது எடுத்து வைப்போம் என்று வாங்கிக்கொண்டேன். அங்கேதான் நான் மடையனானேன். அதை ஒரு உரச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு கோட்டை ரயில் நிலையத்துக்குள் நுழையப் பார்த்தேன்.

குண்டுப் பயம் இருந்த அந்த நாட்களில் தமிழன் ஒருவன் சாக்கு மூட்டையோடு, உள்ளே வயரும் பலகையுமாக, கோட்டையில் நிற்பது என்ன விஷயம் என்று அந்தக் காலத்தில் இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இராணுவக்காரர் சாமானை மேசையில் வைக்கச் சொன்னார். "மே மொகக்த?" என்றார். இது என்ன? பழைய கணினி என்றேன். எதற்கு என்றார். என் அடையாள அட்டையில் தோட்டத்து விலாசத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்தில் இதற்கு என்ன வேலை என்று மறுபடி கேட்டார். எங்கள் அப்பா இதற்குள் மலையிலிருந்து நடந்து இறங்குவார், அதைப் பார்க்கத்தான் என்று எப்படிச் சொல்வது? படிக்க என்றேன். அவர் ஒவ்வொரு விசையாக அழுத்திப் பார்த்தார். இன்னொருவர் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே பல்லி முட்டைகள் இருந்தன. அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் என்னை விட்டார்கள். நான் போக வேண்டிய ரயில் போய்விட்டிருந்தது. அந்தக் கணினியும் கடைசிவரை ஓடவில்லை.

ஒவ்வொரு முறையும் நான் படியேறும்போது அப்பா, "கெடச்சிச்சா?" என்று கேட்பார். கிடைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். நான் ஆத்திரத்தோடு சொல்வேன். இவன் ஏமாற்றினான், அவன் பொய் சொன்னான் என்று எல்லாவற்றையும் அவர் காதில் கொட்டினேன். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து என் முகத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பழைய சாமான் விற்கிறவன் எல்லாம் கள்ளன் என்று அவருக்குப் பாடம் நடத்தி முடித்தவன் நான்தான்.

பிறகு ஒரு நாள், கொழும்பு என்று போட்டிருந்த ஒரு விளம்பரத்துக்குக் கூப்பிட்டேன். எடுத்தவர், விளம்பரம் போட்டது கொழும்பில் இருக்கும் தன் மருமகன், சாமான் தன் கடையில் இருக்கிறது, கடை வட்டவளையில் என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் ரயில் நின்று போன வட்டவளை. ஹட்டனிலிருந்து கொஞ்ச நேரப் பயணம்.

கடைக்காரர் முஸ்லிம் முதலாளி. ஆணி, பெயின்ட், தண்ணீர்க் குழாய் விற்பவர். கணினி அவருடைய மகனுடையது, மகன் கட்டார் நாட்டில் வேலை. விளம்பரத்தில் இருந்த படமும் அந்தக் கணினியின் சொந்தப் படம்தான். நான் டிஸ்க் பெட்டியைக் கண்டதுமே கையை நீட்டினேன். அவர் விடவில்லை.

"இரிங்க தம்பி. ஓட்டிப் பாக்காம கொண்டு போக வேணாம். பொறகு மனசு சங்கடம்."

கடைக்குள் இருந்த தொலைக்காட்சியில் மாட்டினார். மகனின் டிஸ்க் ஒன்றைப் போட்டார். பெட்டி கறகறவென்று சத்தம் போட்டது, திரையில் ஒரு பந்து துள்ளியது. சாமான் வாங்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். எனக்கு ஏன் இது வேண்டும் என்று முதலாளி கேட்டார். இவ்வளவு வருடத்தில் விற்கிறவர்களில் யாரும் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, சாமானைத் தானே துணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். "ஓடல்லன்டா கொண்டு வாங்க. நான் எங்கயும் போக மாட்டன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் எல்லாவற்றையும் மாட்டினேன். அப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு மிக அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் ஒரு கண் ஏறக்குறையப் போய்விட்டது. மற்றதில் நடுவில் ஒரு சாண் அகலத்துக்குத் தெரியும் என்பார். திரை நீலமாக விரிந்ததும், "தெரியுது, தெரியுது" என்றார். எழுந்து போய் ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தார். அதை அவிழ்த்து டிஸ்க்கை என் கையில் வைத்தார்.

ஆசிரியர் கொடுத்த நாளுக்குப் பிறகு நான் அந்த டிஸ்க்கைப் பார்த்தது அன்றுதான்.

அந்தக் கால டிஸ்க்கைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். கறுப்பு உறை. நடுவில் ஒரு வட்டத் துளை. அதற்குக் கீழே நீளமாக ஒரு திறப்பு, அதன் வழியே உள்ளே இருக்கும் பழுப்புத் தகடு தெரியும். கணினி அந்தத் திறப்பு வழியாகத்தான் படிக்கும். அதில் விரல் படக்கூடாது. எங்கள் டிஸ்க்கில் அந்தத் திறப்பு முழுக்கச் சந்தனம். காய்ந்து வெடித்த பழைய சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். வட்டத் துளையைச் சுற்றித் திருநீறு.

"வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு எடுத்து வைப்பேன்" என்றார் அப்பா. "ஈரத்துணியால நல்லா தொடச்சிட்டுத்தான் பொட்டு வைக்கிறது. அந்த எடந்தான் பாக்க நெத்தி மாதிரி இருந்திச்சி."

எங்கள் பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் உள்ள புத்தகம், கத்தரிக்கோல், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ரேடியோ எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். தொழிற்சாலையில் அப்பா தன் ரோலருக்கு ஒவ்வொரு வருடமும் வைத்தவர்தான். நான் அந்தப் பூசைக்கு வீட்டில் இருந்ததே இல்லை. ஹட்டன் கடையில் கணினிகளுக்குப் பூசை நடக்கும், அங்கே நிற்பேன். அங்கே நாங்களும் சந்தனம் வைத்தோம். ஆனால் பெட்டியின் மேல் வைத்தோம்.

பஞ்சால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பழுப்புத் தகட்டில் வட்டம் வட்டமாகக் கீறல்கள் தெரிந்தன. சில இடங்களில் தகடே உரிந்து, கண்ணாடி போல மறுபக்க வெளிச்சம் தெரிந்தது. இருந்தாலும் போட்டேன். பெட்டி கறகறவென்றது, நின்றது, மறுபடி கறகறவென்றது. திரையில் ஒரு வரி வந்தது.

"என்னா சொல்லுது?"

"படிக்க முடியலன்னு சொல்லுதுப்பா."

மறுபடி போட்டேன். அதே வரி. அப்பா திரைக்கு மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து, அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்கு நெற்றியில் பொட்டு வைப்பதாக நினைத்து, வருடத்துக்கு ஒரு முறை அவரே அவனை அழித்திருக்கிறார். இதை எந்த வாயால் சொல்வது?

நான் சொல்லும் முன் அவரே சொல்லிவிட்டார். "ஓடாத மெசின தலையில கட்டிட்டான். நீ சொன்ன மாதிரி எல்லாப் பயலும் கள்ளப்பய."

நான் அதைத் திருத்தாமல் டிஸ்க்கை மறுபடி மஞ்சள் துணியில் முடிந்தேன். முதலாளியின் இலக்கத்தை என்னையே அழுத்தச் சொல்லி, போனை வாங்கித் தானே பேசினார். "மொதலாளி, கண்ணு தெரியாதவன ஏமாத்தலாமுங்களா? ஒங்களுக்கும் புள்ள இருக்குல்ல?" என்று கேட்டார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னாரோ, அப்பா போனை வைத்துவிட்டு, "வர்றானாம்" என்றார்.

அடுத்த போயா நாள், பௌர்ணமி விடுமுறையன்று, முதலாளி வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, பஸ் மாறி, எங்கள் தோட்டத்துக் கல்ரோட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். தோளில் ஒரு பை. மகனின் டிஸ்க்கை எடுத்து மேசையில் வைத்தார். அதைப் போட்டால் பந்து துள்ளும், கணினியில் பிழை இல்லை என்று அப்பாவுக்குத் தெரிந்துவிடும்.

"ஒங்கட டிஸ்க்க ஒருக்காப் பாப்பமே" என்றார். வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போய்ச் சாய்த்துப் பார்த்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை நகத்தால் தொட்டார். சாமி படத்தைப் பார்த்தார், வெள்ளை வேட்டியோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். திரும்பி வந்து, மேசையில் வைத்த தன் டிஸ்க்கை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதை ஓட்டவே இல்லை.

"பிழை என்ட மெசின்லதான் பெரியவர்" என்றார். "பாக்காமக் குடுத்திட்டன். குற்றம் பிடிக்க வேணாம்."

அப்பாவின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. என்னைத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். "ஒத்துக்கிட்டீங்கல்ல, அது போதும். நீங்க என்னா செய்வீங்க. எங்க சின்னவன் இருந்திருந்தா இத ஒரு நிமிசத்துல சரி பண்ணியிருப்பான்" என்றார். முதலாளி தேநீரைக் குடித்து முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் மன்னிப்புக் கேட்டேன். "அவர் இரிக்கிற வரைக்கும் சொல்லிராதீங்க தம்பி" என்றார் அவர். "என்னயக் கள்ளன் என்டு நெனச்சாலும் பரவால்ல." கணினியை அவர் திருப்பி எடுக்கவில்லை, வைத்திருங்கள் என்றார்.

அடுத்த வருடத்துக்குள் அப்பாவின் மற்றக் கண்ணும் போனது. வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். இனி கேட்க மாட்டார் என்று எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி வந்தது. கேட்டார்.

"அந்த மெசின நீ சரி பண்ணிருவதான? பண்ணி ஓட வையி. நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன். நீ பாத்து சொல்லு."

இரண்டு வாரம் சாக்குச் சொன்னேன். பிறகு ஒரு மாலையில் கணினியை மாட்டினேன். டிஸ்க்கைப் போடவில்லை, போட்டால் அந்தக் கறகறப்புக் கேட்கும், அவருக்கு அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும். வெறும் நீலத் திரை. அதன் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: மலை வந்திருக்கிறது, உச்சியில் தொழிற்சாலை, ஒரு ஆள் இறங்குகிறார், கால் வளைந்திருக்கிறது, மெதுவாகத்தான் வருகிறார், இப்போது லயத்து வாசலுக்கு வந்துவிட்டார்.

"வெளக்கு?"

"எரியுதுப்பா."

அவர் கையை நீட்டித் திரையைத் தடவினார். கண்ணாடியின் சூட்டில் உள்ளங்கையைச் சிறிது நேரம் வைத்திருந்தார். பிறகு, முப்பது வருடம் ரோலர் சத்தத்தைக் கேட்டே வேலை பார்த்த மனிதர், "நல்ல மெசின் ஆக்கிட்ட. சத்தமே இல்லாம ஓடுது" என்றார்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. அவர் போய் இத்தனை வருடம் ஆன பிறகும் அதுதான் என்னை அரிக்கிறது. அப்பா கையை எடுக்காமலே, "இன்னொருக்கா சொல்லு" என்றார். நான் மலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.